கோப்ளினைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாமா?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களை ஆடியே பார்க்காதவர்களுக்காக முதலில் நாலு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கத் தெரிந்த திருடி. மிச்ச உலகம் மொத்தமும் ஒரே ஒருவர் பொறுப்பு. மழை, மலை, சாராயக்கடை முதலாளி, குகைக்குள் காத்திருக்கும் பூதம் எல்லாம் அவர்தான். அவர் பெயர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். "கதவைத் தட்டுகிறேன்" என்று நீங்கள் சொன்னால் யார் திறக்கிறார்கள் என்பதை அவர் சொல்வார். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். அவ்வளவுதான் ஆட்டம்.

நல்ல ஜிஎம் யார் என்று கேட்டால் பெரும்பாலும் குரலைப் பற்றித்தான் பேச்சு வரும். கிழவிக்கு ஒரு குரல், பூதத்துக்கு ஒரு குரல், பின்னணியில் இசை, மெழுகுவர்த்தி. எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் பலரிடம் ஆடிப் பார்த்ததில், ஒருவருடைய பாணியைக் காட்டிக்கொடுப்பது வேறொன்று என்று தோன்றுகிறது. ஆட்டக்காரர் யாரும் நினைத்தே பார்க்காத ஒரு காரியத்தைச் செய்துவிடும்போது ஜிஎம்மின் கண் எங்கே போகிறது? வரைந்து வைத்த வரைபடத்துக்கா, விதிப் புத்தகத்துக்கா, அடுத்து நடக்கவேண்டும் என்று மனதில் வைத்திருக்கும் காட்சிக்கா, எதிரே இருப்பவர் முகத்துக்கா? எனக்கு இப்போது ஒரு புது ஜிஎம்மைப் புரிந்துகொள்ள அந்த ஒரு பார்வை போதும்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். காட்டுப் பாதையில் பதுங்கியிருந்து தாக்கிய கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் கூட்டத்தில் ஒருவனை உயிரோடு பிடித்துவிட்டோம். எங்கள் மேசையில் விதிகள் ஆங்கிலம், பேச்சு தமிழ். கோப்ளின்கள் மட்டும் ஏனோ கோவைத் தமிழ் பேசும். "கொன்னு போட்டீங்கன்னா குகைக்கு வழி யாருங்க சொல்லுவாங்க?" என்று அவன் கெஞ்சினான். அவனை மிரட்டி வழி கேட்டுக்கொண்டு குகைக்குப் போவோம் என்பது ஜிஎம்மின் கணக்கு. எங்கள் மந்திரவாதி வழியைக் கேட்கவே இல்லை. "ஏன்டா, உனக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் சம்பளமும் பேசி முடித்தாயிற்று.

அன்றைக்கு நடத்தியவர் குறிப்பு நோட்டைப் புரட்டினார். குகையில் எத்தனை பேர், காவலுக்கு எத்தனை பேர், போன ஆள் திரும்பாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்த்துக்கொண்டார். "சரி, தெரியும். முயல் மட்டும்தான் சமைப்பான்" என்றார். நாங்கள் சிரித்தோம். மறுநாள் காலை குகை வாசலில் காவல் இரட்டிப்பாகியிருந்தது, ஏனென்றால் போன ஆள் திரும்பவில்லை. கோப்ளினை வேலைக்கு எடுத்ததை அவர் தடுக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. குகையில் இருப்பவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதே கோப்ளின் வேறு ஜிஎம்களிடம் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நாங்கள் அடிக்கடி பேசுவோம். எனக்குத் தெரிந்த ஒருவர் உடனே புத்தகத்தை விரித்து, "இணங்கவைக்கும் திறனுக்கு இருபதுமுகப் பகடையை உருட்டுங்கள், 15க்கு மேல் வரவேண்டும்" என்றிருப்பார். இன்னொருவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு, அன்று இரவே இருட்டிலிருந்து ஒரு அம்பு வந்து கோப்ளினைக் கொல்லவைத்திருப்பார். சாகும்போது அவன் வாயிலிருந்து குகைக்கு வழி மட்டும் சரியாக வந்துவிடும். மூன்றாமவர் மந்திரவாதியைப் பார்த்து, "அவன் சமைத்ததை முதல் வாய் வைத்ததும் உனக்கு யார் ஞாபகம் வந்தது?" என்று கேட்டிருப்பார்.

இந்த வேறுபாடுகளின் வேரைத் தேடிப் போனால், இந்த ஆட்டங்கள் பிறப்பதற்கு முன்பே தகராறு தொடங்கிவிட்டது தெரிகிறது. 1824இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி க்ரீக்ஸ்ஷ்பீல் என்ற போர்ப்பயிற்சி ஆட்டத்துக்கு விதிகளை அச்சிட்டார். வரைபடத்தின் மேல் படைகளைக் குறிக்கும் சின்னக் கட்டைகள், இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். எதிரிப் படை கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்தால்தான் நடுவர் அதை வரைபடத்தில் காட்டுவார். யாருக்கு எவ்வளவு சேதம் என்பதைப் பகடையும் அட்டவணைகளும் சொல்லும். அட்டவணையைப் புரட்டிப் புரட்டி ஆட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்திருக்க வேண்டும். 1876இல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, அட்டவணைகளை ஓரம் வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று ஒரு முறையை வெளியிட்டார். விதி பெரிதா, நடுவர் தீர்ப்பு பெரிதா என்று இன்றைக்கும் ஆட்டக்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுகிறார்களே, அது ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் விட்டுப்போன சொத்து.

அங்கிருந்து அமெரிக்காவுக்கு ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. அமெரிக்க ராணுவ அதிகாரி சார்ல்ஸ் டாட்டன் 1880இல் ஸ்ட்ராட்டகோஸ் என்ற போர் ஆட்ட நூலை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அதை நூலகத்தில் கண்டெடுத்தார். ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், நடக்குமா என்று நடுவர் சொல்வார் என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. 1960களின் கடைசியில் அவர் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை வைத்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை நோக்கிப் படைகள் வருகின்றன. வந்த நண்பர்களுக்குப் படை போதாததால் சிலருக்கு மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஊர்க்காரர் வேடம் கொடுத்தார்.

போர் தொடங்கவே இல்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் ஓரம் கட்டிப் பேசினார்கள், சதி செய்தார்கள், வெஸ்லியிடம் வந்து அவர் யோசித்தே பார்க்காத கேள்விகளைக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்திலேயே பதில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது, சொதப்பல் என்று வெஸ்லி முடிவு கட்டினார். வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். பின்னால் வந்த ஒரு பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தில் புரட்சிக்கார மாணவர் வேடம் வாங்கிக்கொண்டு, தான் உண்மையில் சிஐஏ ஆள் என்று மற்ற ஆட்டக்காரர்களை நம்பவைத்தவர் இவர். அப்படிப்பட்ட ஆளிடம் ஜிஎம் நாற்காலி கிடைத்தால் சும்மா இருப்பாரா? பிளாக்மூர் என்ற கோட்டையையும் அதன் அடியில் பாதாள அறைகளையும் உருவாக்கி நடத்தத் தொடங்கினார். அதை அவர் விஸ்கான்சினில் லேக் ஜெனிவாவில் இருந்த கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்ட, இருவர் பெயரிலும் 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. முதல் பதிப்பு 1,000 பெட்டிகள்.

கைகாக்ஸின் பாணியைப் பார்க்க ஒரே ஒரு கல்லறை போதும். 1975இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக அவர் எடுத்துப்போன டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற கல்லறைச் சாகசம், 1978இல் தனியாக அச்சாகியும் வந்தது. நடைபாதையின் முடிவில் பச்சை நிறத்தில் பெரிய பிசாசு முகம், வாய் திறந்திருக்கும், உள்ளே கும்மிருட்டு. அந்த வாய்க்குள் நுழைபவர் இல்லாமல் போவார். தப்பிக்கப் பகடை கிடையாது, மந்திரம் கிடையாது, உடம்பு கூட மிஞ்சாது. ஜிஎம் தடுக்கவும் மாட்டார், தள்ளவும் மாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே எழுதியிருக்கிறது. கம்பை நீட்டிப் பார்த்தவர் கம்பை மட்டும் இழந்து தப்பினார், தலையை நீட்டியவர் புதுக் கேரக்டர் எழுத உட்கார்ந்தார்.

கொடூரமாகத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட ஜிஎம்மிடம் ஆடிய பிறகு எனக்குப் பழக்கங்களே மாறிப்போயின. கேரக்டர் தாளில் என்ன திறமை இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதை விட்டு, தரை எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்கத் தொடங்கினேன். கேட்டால் பதில் இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். நான் கேட்பதற்கு முன்பே அந்த அறை அங்கே இருந்தது, நான் வருவதற்காக அது மாறாது. என்னைக் காப்பாற்ற அவர் எதையும் மாற்றமாட்டார் என்றால், என்னைக் கவிழ்க்கவும் மாற்றமாட்டார். 2008 வாக்கில் மேட் ஃபின்ச் போன்றவர்கள் பழைய பாணிக்குத் திரும்புவோம் என்று எழுதத் தொடங்கியபோது வலியுறுத்தியதும் இதையொட்டித்தான்: புத்தகத்தில் விதி தேடாதே, சூழ்நிலையைப் பார்த்து நியாயமாகத் தீர்ப்புச் சொல்.

இதற்கு நேர் எதிர்த் திசை 1984இல் திறந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக எழுதிய டிராகன்லான்ஸ் என்ற சாகசத் தொடர் வந்தபோது ஆட்டம் ஒரு குகையை விட்டு வெளியேறி நீண்ட காவியமானது. ஆட்டக்காரர்களுக்குப் பெயரும் வரலாறும் உள்ள கேரக்டர்கள் தயாராகக் கொடுக்கப்பட்டன. கதைக்கு முக்கியமான ஒருவர் முன்கூட்டியே செத்துத் தொலைத்தால்? அதற்கும் வழி எழுதியிருந்தார்கள்: சாவை மங்கலாக வையுங்கள், பிணம் கிடைக்காமல் போகட்டும், பின்னால் திரும்பி வரலாம். நம் ஊர் சீரியல்காரர்கள் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நடத்துபவர் மனதில் இருக்கும் கதையிலிருந்து யாரும் இறங்க முடியாத நிலையை ரெயில்ரோடிங் என்று திட்டுவார்கள். அந்தத் திட்டில் பாதிதான் நியாயம் என்று நினைக்கிறேன். தண்டவாளம் கண்ணுக்குத் தெரிந்தால் எனக்குப் பிரச்சினையே இல்லை. "இன்று மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, நீங்கள் கோட்டைக்குத்தான் போகிறீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நானே ஏறி உட்கார்ந்துகொள்வேன். எரிச்சல் வருவது, இடப்பக்கம் போகலாம், வலப்பக்கம் போகலாம் என்று சொல்லிவிட்டு எந்தப் பக்கம் போனாலும் அதே ராட்சசனை நிறுத்திவைக்கும்போது. இந்தத் தந்திரத்துக்கு ஆட்டக்காரர்களிடையே குவாண்டம் ஓக்ரே என்று பெயரே உண்டு. ஆட்டக்காரருக்குத் தெரியாதவரை என்ன கெட்டுப்போயிற்று என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு தொடரை நடத்தியவர், அது முடிந்த பிறகு டீ குடிக்கும்போது பெருமையாகவே சொன்னார், நாங்கள் எந்தப் படகில் ஏறியிருந்தாலும் அதே தீவுக்குத்தான் வந்திருப்போம் என்று. எந்தப் படகு என்று நாங்கள் ஒரு மாலை முழுக்க விவாதித்திருந்தோம். அந்த மாலை எனக்கு இன்னும் பிடித்த நினைவுதான், ஆனால் அவரிடம் மறுபடி ஆடும்போது படகைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. ஏதோ ஒன்றில் ஏறிக்கொண்டோம்.

மூன்றாவது வகை ஜிஎம்மை, அதாவது கோப்ளின் சமைத்ததைச் சாப்பிட்டால் யார் ஞாபகம் வந்தது என்று கேட்பவரை, நான் முதலில் சோம்பேறி என்று நினைத்தேன். உலகத்தை உருவாக்குவது அவர் வேலை, என்னை ஏன் கேட்கிறார்? பிறகுதான் அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆடினோம். வின்சென்ட் பேக்கர் 2010இல் வெளியிட்ட ஆட்டம். இதில் வியப்பான விஷயம், ஜிஎம் எப்படி நடத்தவேண்டும் என்பதையே விதியாக எழுதியிருப்பது. மற்ற புத்தகங்களில் அது அறிவுரை அத்தியாயமாக இருக்கும், விரும்பினால் படிக்கலாம். இங்கே கதையை முன்கூட்டி யோசித்து வைக்காதே, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஆடு என்பது கட்டளை. சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் வை. ஆட்டக்காரர்களிடம் சீண்டும் கேள்விகளைக் கேள், அவர்கள் சொல்வதை வைத்து மேலே கட்டு. ஜிஎம் பகடையைத் தொடுவதே இல்லை. ஆட்டக்காரர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை 10 அல்லது மேல் என்றால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை இருக்கும், 6 அல்லது கீழே என்றால் ஜிஎம் முறை.

அந்த நடு எண்கள்தான் ஆட்டத்தின் உயிர். எங்கள் ஆட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைக் காவல் காக்கும் பெண் ஒருத்தியிடம் என் கேரக்டர் கெஞ்சி ஒரு டேங்கர் கேட்டான். 8 விழுந்தது. ஜிஎம் என்னைப் பார்த்து, "கொடுக்கிறாள். போன தடவை அவளுக்கு நீ என்ன வாக்குக் கொடுத்து ஏமாற்றினாய்?" என்றார். எனக்கே தெரியாத என் பழைய துரோகத்தை நான் அந்த நொடியில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், அது மீதி ஆட்டம் முழுக்க என்னைத் துரத்தியது. இதைச் சோம்பேறி செய்ய முடியாது. ஒவ்வொருவர் சொன்னதையும் நினைவில் வைத்து, சரியான ஆளிடம் சரியான நேரத்தில் அடுத்த கேள்வியைப் போடவேண்டும். ஆனால் எனக்கு இதில் ஒரு குறையும் உண்டு. புதிரை அவிழ்க்கும் சந்தோஷம் இதில் கிடைக்காது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டால், பெட்டியைத் திறக்கும் ஆசை போய்விடுகிறது.

பென் ராபின்ஸ் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற தொடரையும் சொல்லாமல் விடமுடியாது. நிலையான குழு கிடையாது, நிலையான நாள் கிடையாது, கதையும் கிடையாது. பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். எங்கே போகிறோம், யார் வருகிறார்கள், எப்போது என்பதை அவர்களே பேசி முடிவு செய்து ஜிஎம்மிடம் வருவார்கள். ஊர் பத்திரமான இடம், சாகசம் எல்லாம் காட்டுக்குள். ஜிஎம் பாணி என்று நாம் பேசுவதில் பாதி உண்மையில் நேர அட்டவணையை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதுதானோ என்று இதைப் படித்தபோது தோன்றியது. வேலைக்குப் போகும் நாலு பேரை ஒரு சனிக்கிழமைக்குச் சேர்க்கப் பாடுபட்ட எந்த ஜிஎம்மும் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஆளை மட்டும் பார்த்தாலும் போதாது, எந்த ஆட்டம் என்பதும் பாணியைத் தீர்மானிக்கிறது. வரைபடத்தை நம்பும் ஜிஎம் ஒருவர் கால் ஆஃப் கதுலு நடத்தி நான் ஆடியிருக்கிறேன். 1981இல் சேண்டி பீட்டர்சன் எழுதிய திகில் ஆட்டம், துப்புத் துலக்குவதுதான் அதன் அடித்தளம். கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது, தேடும் திறனில் தோற்றால் கிடைக்காது என்று அவர் நேர்மையாக நடத்தினார். நாங்கள் எல்லோரும் தோற்றோம். அதற்கப்புறம் அந்த வீட்டில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தோம், திகில் எல்லாம் ஆவியாகிவிட்டது. கல்லறையில் அருமையாக வேலை செய்த அதே நேர்மை இங்கே ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. இந்தச் சிக்கலுக்கு ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்ற வலைப்பதிவர் சொன்ன வழி, ஒரு முடிவுக்கு ஆட்டக்காரர்கள் வந்து சேரவேண்டுமென்றால் குறைந்தது மூன்று துப்புகளை வை என்பது. ராபின் லாஸ் 2007இல் தொடங்கிய கம்ஷூ ஆட்டமுறை இன்னும் ஒரு படி மேலே போய், சரியான திறன் உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும், பகடையே வேண்டாம் என்றது. துப்பு கிடைப்பதில் சுவாரசியம் இல்லை, அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் என்பது அதன் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

மேட் மெர்சரைப் பற்றி ஒரு பத்தி. கிரிட்டிகல் ரோல் என்ற நிகழ்ச்சியில் அவர் ஜிஎம்மாக இருந்து நடத்திய ஆட்டம் 2015இல் நேரலையாக வரத் தொடங்கியபின் புதிதாக ஆட வருபவர்களில் பலர் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் தொழில்முறைக் குரல் நடிகர்கள், அதை மறந்துவிட்டு நம் வீட்டு ஹாலில் அதே தரத்தை எதிர்பார்ப்பதை மெர்சர் எஃபெக்ட் என்கிறார்கள். ஆனால் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது குரல் இல்லை. ஒரு பெரிய எதிரி விழும் நேரத்தில் கடைசி அடியை அடித்தவரைப் பார்த்து, இதை எப்படிச் செய்ய விரும்புகிறாய் என்று கேட்டு ஒதுங்கிவிடுவார். அந்த ஒரு நிமிடம் உலகம் ஆட்டக்காரர் கையில். குரல் கரகரத்தவர்களும் செய்யலாம்.

கடைசியாக, பகடையை எங்கே உருட்டுவது என்ற சண்டை. ஜிஎம் முன்னால் ஒரு மடிப்பு அட்டைத் திரை இருக்கும், அதற்குப் பின்னால் அவர் உருட்டுவதை யாரும் பார்க்க முடியாது. வேண்டாத நேரத்தில் ஒரு கேரக்டரைக் கொல்லும் எண் விழுந்தால் மாற்றிச் சொல்லலாமா? பிசாசு வாய்க்குள் தலையை நீட்டியவரைக் காப்பாற்றாத அதே கைகாக்ஸ், 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டர் (அந்த ஆட்டத்தில் ஜிஎம்முக்கு அதுதான் பெயர்) கையேட்டில் பகடையை எப்போது வேண்டுமானாலும் மீற ஜிஎம்முக்கு உரிமை உண்டு என்கிறார். எல்லாவற்றையும் கவனமாகச் செய்தும் கெட்ட நேரத்தால் சாகப்போகிறவரைக் கொல்ல வேண்டாம், மயங்கி விழட்டும், ஒரு கையோ கண்ணோ போகட்டும் என்று வழியும் சொல்கிறார். ஆக, முட்டாள்தனத்துக்கு மரணம், துரதிர்ஷ்டத்துக்குத் தள்ளுபடி. அவரை ஈவிரக்கமில்லாத ஆள் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எங்கள் குழுவில் இதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. சண்டைப் பகடைகள் எல்லோர் கண் முன்னும் தட்டில் விழும், செத்தால் செத்ததுதான். தேடுதல், ஒட்டுக்கேட்டல், ஆள் பொய் சொல்கிறானா என்று கணித்தல் மாதிரியானவை மட்டும் திரைக்குப் பின்னால். காரணம் எளிது. நான் கதவில் காதை வைத்து 2 விழுந்ததை என் கண்ணாலேயே பார்த்துவிட்டால், "ஒன்றும் கேட்கவில்லை" என்று ஜிஎம் சொல்வதை நம்பமாட்டேன். என் கேரக்டர் நம்பவேண்டும். எங்கள் திருடியை ஆடுபவருக்கு இந்த ஒப்பந்தம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தன் பகடையைத் தானே உருட்டாவிட்டால் ஆடியது போலவே இல்லை, எண்ணைப் பார்த்தும் பார்க்காதது போல நடிப்பதுதானே ரோல்பிளே என்கிறார். அதிலும் விஷயம் இருக்கிறது. மழை முடிந்ததும் தொடங்கும் அடுத்த தொடரை நடத்தப்போவது அவர்தான். திரை வாங்கும் காசுக்கு இன்னும் ரெண்டு செட் பகடை வாங்கிக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.